எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு மயக்கம்

அநியாயம் நடந்தது உடன்குடி அன்னபாக்கியத்துக்கு. செய்தவர்கள் அவளோடு ஒரே கப்பலில் போன ஏழு பேர். செய்த விதம், எட்டுப் பேரும் முறை வைத்துச் சுமக்க வேண்டிய கடல்மயக்கத்தை அவள் ஒருத்தியின் வயிற்றிலேயே விட்டுவிட்டு, அவளுடைய பொறுமையைப் பற்றி ஆளுக்கொரு பாராட்டுச் சொன்னது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அந்த ஏழு பேரில் சிலர் இன்றைக்கும், கடலில் கிடைத்த சிநேகம் கரையில் கிடைக்கவே கிடைக்காது என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், கேட்கிறவர்களும் தலையை ஆட்டுகிறார்கள், அந்தச் சிநேகம் யாருடைய வயிற்றின் மேல் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கப்பலின் பெயர் மீனலோசனி. துறைமுகத்தில் நின்ற மற்றக் கப்பல்களுக்கு நடுவே அது, பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வந்த சின்னப்பிள்ளை மாதிரி நின்றது. தூத்துக்குடியில் வெங்காயமும் கருப்பட்டியும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு, மிச்சம் கிடக்கிற இடத்தில் எட்டே எட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, தெற்கே, வெகு தெற்கே, நம்முடைய ஆட்கள் என்றைக்கோ போய்க் குடியேறி முருகனுக்குக் கோயில் கட்டிவைத்திருக்கிற ஒரு தீவுக்குப் போய்த் திரும்பும். அந்தத் தடவை போனவர்கள், அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையேற்கப் போன கோமதிநாயகம் சார், அண்ணன் கடைக்குப் போன காயல்பட்டினத்து ஜுலைகா, தீவுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போன நாசரேத்துப் பையன் செல்வின், கோயில் தேருக்குச் சக்கரம் பூட்டப் போன மூக்காண்டி ஆசாரி, சக்கரத்தைக் காட்டிலும் ஆசாரியை நம்ப முடியாது என்று கூடவே கிளம்பிய அவர் சம்சாரம் வடிவு, வாழை வியாபாரம் பார்க்கப் போன ஏரல் அண்ணன் தம்பி இரண்டு பேர், கடைசியாக, தங்கச்சி பேச்சியின் தலைப்பிரசவத்துக்குப் போன அன்னபாக்கியம்.

பேச்சிக்கு அங்கே பெண் துணை கிடையாது. புருஷன்காரன் மலைத்தோட்டத்தில் வேலைக்குப் போனால் வாரம் கழித்து வருகிறவன். பாக்கியத்தின் மூட்டையில் சுக்கும் திப்பிலியும் பெருங்காயமும், பிள்ளையைப் போர்த்துவதற்கென்று துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன நூல் சேலைகளும் இருந்தன. மீனலோசனியை இந்தத் தடவை விட்டால், அது அடுத்த தடவை போவதற்குள் அந்தப் பிள்ளை குப்புற விழுந்து தவழவே ஆரம்பித்துவிடும். பாக்கியம் அந்தக் கப்பலில் ஏறியதற்கு இது ஒன்றுதான் காரணம்.

கரை கண்ணுக்கு மறைந்த அன்றைக்கு எட்டுப் பேரும் ஆளுக்கொரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, வரப்போவதற்குத் தயாராகத் தளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வந்தது ஒருவருக்குத்தான். செல்வின் மட்டும் வாளிக்குள் தலையை விட்டான். மற்ற ஏழு பேருக்கும் பசித்தது. ஏழு பேருக்கு வந்திருக்க வேண்டியதும் சேர்ந்து அவனுக்கே வந்திருந்தது என்பது அவன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. கப்பலை ஓட்டிய தண்டல் சூசை வந்து எட்டிப் பார்த்து, "இந்தக் கப்பல்ல அப்படித்தான், மொத்தமா ஒருத்தருக்குத்தான் வரும், மத்தவங்க சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "கப்பல் சின்னதுல்லா" என்றார். அந்தப் பதில் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

மயக்கத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ள முடியும் என்பது ஜுலைகாவால் தெரிய வந்தது. நம்முடைய பஸ்களில் உட்கார்ந்திருக்கிறவர்கள், நிற்கிறவர்களின் பையையோ பிள்ளையையோ பார்த்தால் கை தன்னால் நீளும், யார் எவர் என்று கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் ஜுலைகா, வாளியைப் பிடிக்க முடியாமல் தடுமாறிய செல்வினைப் பார்த்து, "கொடுங்க தம்பி, நான் வச்சுக்கிடுதேன்" என்றாள். "இந்தாங்க லாத்தா" என்றான் அவன். வாளி கை மாறியது, அதோடு மயக்கமும் கை மாறியது. செல்வின் எழுந்து நின்று வெயிலைப் பார்த்துவிட்டு, சோறு இருக்கிறதா என்று கேட்டான். ஜுலைகா வாளிக்குள் குனிந்தாள்.

கேட்கிறவர் மனதாரக் கேட்க வேண்டும், வைத்திருப்பவர் மனதாரக் கொடுக்க வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது நகராது என்பதை அன்றைக்கே பரீட்சை பண்ணிப் பார்த்துவிட்டார்கள். ஏரல் தம்பி, அண்ணன் அதட்டியதற்காக அரைமனதாகக் கேட்டுப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம் சார்தான் இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றார். குழாயடியில் ஆள் நிற்காமல் குடத்தை நிறுத்துவதில்லையா, அதுபோல எட்டுப் பேரின் டம்ளர்களையும் சமையலறைச் சுவரோரம் இருந்த பலகையில் வரிசையாக நிறுத்த வேண்டும். முன்னால் நிற்கிற டம்ளருக்கு உரியவர் மயக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியதும் அந்த டம்ளர் கடைசிக்குப் போக வேண்டும். ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாடு வரைக்கும் ஒரு முறை. கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஆனதால் யாருடையது எது என்பதில் சண்டை வர வழியில்லை.

சண்டை வேறு வழியில் வந்தது. ஏரல் அண்ணன் தம்பி ஒரே டம்ளரை வைத்தார்கள்.

"இன்னொண்ணு எங்க?" என்றார் சார்.

"நாங்க ஒரே குடும்பம், ஒரே உலை, ஒரே டம்ளர்" என்றான் அண்ணன்.

"வயிறு?"

"வயிறு ரெண்டுதான். ஆனா பாகம் இன்னும் பிரிக்கல."

"அப்போ மத்தியானம் ஒரு ஆளு சோறு போதும்னு சொல்லிரட்டுமா?" என்று வடிவு கேட்டதும் தம்பி ஓடிப்போய் இரண்டாவது டம்ளரை எடுத்து வந்து வைத்தான். அன்றைக்கு அந்தக் கப்பலில் நியாயம் என்பது எல்லோருக்கும் பிடித்தமான ஒரு விளையாட்டாக இருந்தது.

அந்த மயக்கம் சும்மா வரவில்லை. கொடுத்தவர் தன் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி, வாங்கியவர் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. செல்வினிடமிருந்து வாங்கிய ஜுலைகாவின் வாயில் அவன் அம்மா அழுதுகொண்டே சுட்ட முறுக்கில் கூடிப்போன உப்பு இருந்தது. ஜுலைகாவிடமிருந்து வாங்கிய ஏரல் அண்ணனுக்கு ஏலக்காய் மணக்கும் வட்டிலப்பம் வந்து, வாந்திக்கு நடுவிலும் "ஆகா" என்றான். ஆசாரியிடம் வாங்கியவருக்குப் பழைய சோறும் கோபமும் வந்தன, என்ன கோபம் என்று கேட்டபோது, கிளம்புகிற அன்று வடிவு பழையதைத்தான் போட்டாள் என்பது வெளியே வந்தது. இப்படி ஒருவர் வீட்டு அடுப்பு இன்னொருவர் வாயில் எரிய எரிய, யார் வீட்டில் யாருக்கு யார் மேல் என்ன மனத்தாங்கல் என்பதெல்லாம் சொல்லாமலே தெரிந்துபோய், முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒருவரையொருவர் அண்ணாச்சி, அக்கா, லாத்தா, மாப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கடல் அவர்களை அவ்வளவு சீக்கிரத்தில் உறவாக்கியது.

வரிசையில் பாக்கியத்துக்கு அடுத்து நின்றது கோமதிநாயகம் சாரின் டம்ளர். பாக்கியம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சாப்பிட்டது கருவாட்டுக் குழம்பு. முதல் தடவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட சார் முகம் எப்படியோ ஆகி, முறை முடிகிற வரைக்கும் யாரோடும் பேசாமல் இருந்தார். மயக்கம் கடுமையாக இருந்தது போல என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் தடவையும் அப்படித்தான். பூண்டுகூடச் சேர்க்காத வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லக் கூசினார் என்று வைத்துக்கொள்ளலாம். கூச்சமாவது இருந்ததே என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பாதிக் கடலில் காற்று பிடித்தது. கப்பல் ஏறிய இடத்திலேயே இறங்கியது, இறங்கிய இடத்திலேயே ஏறியது, வெங்காய மூட்டைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு புரண்டன. அந்த நேரத்தில் மயக்கத்தை வைத்திருந்த வடிவு, சாமி வந்தவள் மாதிரி கத்தினாள். பாக்கியம் தன் முறை வர இன்னும் ஒரு சாப்பாடு இருக்கும்போதே, "கொடுங்கக்கா, நான் வச்சுக்கிடுதேன், பாவம்" என்று வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் கத்தவில்லை. ஒரு மூலையில் வாளியோடு உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அந்தக் காற்று முழுவதையும் தாங்கினாள்.

அவள் செய்த தவறு ஒன்றே ஒன்று, அந்தச் சத்தம் போடாததுதான்.

காற்று அடங்கியது. சாப்பாடு வந்தது. அடுத்த டம்ளர் சாருடையது. சார் பாக்கியத்தை எட்டிப் பார்த்து, "தூங்குற மாதிரி இருக்கு, எழுப்ப வேண்டாம்" என்றார். அடுத்த சாப்பாட்டுக்கு, "நல்லாத்தானே இருக்கா, அவளுக்குப் பழகிட்டு போல" என்று ஏரல் அண்ணன் சொன்னான். அதற்கடுத்த சாப்பாட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பதை அன்றைக்கு ஏழு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். பலகையில் நின்ற டம்ளர்கள் கப்பல் ஆட்டத்தில் தன்னால் நகர்வது போல நகர்ந்து, யாருடையதும் முன்னால் நிற்காதபடி, அரை வட்டமாக, ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு நின்றன. தண்டல் சூசை மட்டும் ஒரு நாள் அந்தப் பலகையைப் பார்த்து, "என்ன இது, வளைகாப்புக்கு வச்ச மாதிரி இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல இனிய நாட்கள் அந்தக் கப்பலில் முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கடல் எண்ணெய் விட்ட தட்டு மாதிரி கிடந்தது. ஏழு பேரும் தளத்தில் கட்டம் வரைந்து தாயம் ஆடினார்கள், ஆசாரி பெட்டிப் பலகையில் சதுரங்கக் காய் செதுக்கினார், ஜுலைகா எல்லோருக்கும் மருதாணி அரைத்தாள், செல்வினுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே நலுங்கு வைத்தார்கள், சார் அவனுக்குத் தீவுக்காரர்களின் முறைகளைச் சொல்லிக் கொடுத்தார், ஏரல் தம்பி பாடினான், பறக்கும் மீன்கள் பாட்டுக்குத் தாளம் போட்டன. நடுநடுவே ஒவ்வொருவராகப் பாக்கியத்திடம் போய் வந்தார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டு போனார், ஒருவர் விசிறினார், ஒருவர் தலையில் கை வைத்து, "உன்னைய மாதிரி ஒரு பொம்பளைய நான் பார்த்ததே இல்ல தாயி" என்றார். வாளியை மட்டும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் பழக்கதோஷத்தில் வாய் 'வச்சுக்கிடுதேன்' என்ற அந்த வார்த்தையைச் சொல்லிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.

அவள்தான் கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டாள். "யாராச்சும் கொஞ்ச நேரம் வச்சுக்கிடுதீங்களா?" என்று, செல்வினைப் பார்த்து ஒரு தடவை, வடிவைப் பார்த்து ஒரு தடவை கேட்டாள். "பார்ப்போம்க்கா" என்றான் அவன். "இந்தா, சோறு எறக்கி வச்சுட்டு வந்திருதேன்" என்றாள் இவள். அவளே சம்மதித்துத்தானே வாங்கினாள் என்பார்கள் இன்னும் சிலர். ஒரு சாப்பாட்டுக்குச் சம்மதித்தாள். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டவருக்குக் கொடுத்தவள் கிணற்றையே எழுதிக் கொடுத்ததாக எந்த ஊரில் அர்த்தம்?

தீவு நெருங்குகிறது என்று பறவைகள் சொன்ன அன்று, தண்டல் சூசை சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும். தீவுல டாக்டரு கப்பலுக்குள்ள வந்து ஒவ்வொருத்தரா பார்ப்பாரு. வாந்தி எடுக்குற ஆளைக் கரையில இறக்க மாட்டாங்க."

"இது கடல் மயக்கம்தானய்யா" என்றார் ஆசாரி.

"அத நீங்க சொல்லுவீங்க. அந்தக் காலத்துல கப்பல்ல வந்த வாந்திபேதில அங்க பாதி ஊரு போயிட்டு. அதுல இருந்து சட்டம். வந்த கப்பல்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

"கரையில கால வச்சா மயக்கம் தன்னால போயிரும்லா?" என்றாள் ஜுலைகா.

"வச்சா போயிரும். வைக்க விட்டாத்தானே."

தண்டல் தட்டைக் கழுவப் போனார். ஏழு பேரும் வேறு வேறு திசையில் கடலைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கூட்டம் நடந்தது. கூட்டம் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் ஒரே இடத்தில் தற்செயலாக நின்றார்கள், அவ்வளவுதான். செல்வினுக்குக் கல்யாணம், பந்தல் போட்டாகிவிட்டது. ஆசாரிக்குத் தேர், முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஆசாரி இல்லாமல் வடிவு எப்படி, வடிவு இல்லாமல் ஆசாரி எப்படி. ஏரல் அண்ணனுக்கு வியாபாரம், தம்பிக்கு அண்ணன். சாருக்குப் பள்ளிக்கூடம், பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜுலைகாவின் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன், கடையில் ஆள் இல்லை. ஒவ்வொரு காரணமும் உண்மை. பொய்யான காரணம் ஒன்றாவது இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தை மன்னிப்பதுகூட எளிதாக இருந்திருக்கும்.

"பாக்கியத்துக்குத் தங்கச்சி பிரசவம்" என்றாள் ஜுலைகா, மெதுவாக.

"பிரசவம்ங்கிறது யார் இருந்தாலும் நடக்கும், யார் இல்லாட்டாலும் நடக்கும்" என்றார் கோமதிநாயகம் சார். "நான் ஒரு பொது நியாயம் சொல்லுதேன். எது எல்லாருக்கும் நல்லதோ அதுதான் நல்லது. நாம ஏழு பேரு. நான் எனக்காகப் பேசல."

தனக்காகப் பேசவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசுகிறவர்களை எல்லாக் கூட்டத்திலும் பார்க்கலாம். ஜுலைகா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. முடிவு என்று ஒன்றும் எடுக்கப்படவில்லை. "விடியட்டும், பார்ப்போம்" என்று கலைந்தார்கள்.

விடிந்தது. தீவின் மலைகள் ஈரமாகத் தெரிந்தன. கரையில் செல்வினுக்காக மாலையும் மேளமும் வந்திருந்தன, நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருப்பது தளத்திலிருந்தே தெரிந்தது. டாக்டர் ஏறி வந்தார். தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் போனவர்களின் பிள்ளை. வீட்டில் தமிழ் தீர்ந்துபோய், கோயிலில் கேட்ட தமிழ் மட்டும் மிஞ்சியவர். ஒவ்வொருவர் நாக்கையும் நாடியையும் பார்த்து, சீட்டில் முத்திரை குத்தி, "நலம். இறங்குக" என்றார். நலம், இறங்குக. நலம், இறங்குக. ஏழு தடவை சொல்லிவிட்டுப் பாக்கியத்திடம் வந்தவர், வாளியைப் பார்த்தார், அவள் கண்ணைப் பார்த்தார், வருத்தத்தோடு தலையை அசைத்தார்.

"இவள் இறங்கலாகாது."

பாக்கியம் மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அழவில்லை.

ஏழு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கிய பிறகு, விடைபெற வந்தார்கள். சொல்லாமல் போகிற மனிதர்கள் இல்லை அவர்கள். எட்டடி தூரத்தில் இருக்கிற கடைக்குப் போனாலும் உள்ளே ஒரு குரல் கொடுத்து, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்த பிறகே செருப்பைப் போடுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

"போயிட்டு வாரேன் பாக்கியம்க்கா" என்றான் செல்வின்.

பாக்கியம் பேசாமல் அவனைப் பார்த்தாள்.

கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னான். அவள் பார்த்தாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான், நின்றான், திரும்பி வந்தான். கல்யாணத்துக்குப் போகிறவன், வா என்று ஒரு வார்த்தை வாங்காமல் எப்படிப் போவான்? "போயிட்டு வரட்டுமா தாயி?" என்றார் ஆசாரி. இல்லை. "வரட்டுமாட்டி?" என்றாள் வடிவு. இல்லை. ஏரல் அண்ணனும் தம்பியும் சேர்ந்தாற்போலக் கேட்டார்கள், சேர்ந்தாற்போல நின்றார்கள். இறங்கு பலகை காலியாகக் கிடந்தது. அவர்களை யாரும் பிடித்து வைக்கவில்லை, கால்களில் எதுவும் கட்டியிருக்கவில்லை. ஒரு பெண் 'வாங்க' என்று சொல்லவில்லை, அவ்வளவுதான், ஏழு பேர் பெட்டியும் கையுமாகக் கப்பலில் நின்றார்கள். கரையில் மேளக்காரர்கள் இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவை நிறுத்தினார்கள்.

"என்ன தாமதம்?" என்றார் டாக்டர்.

"அவ இன்னும் பதில் சொல்லலிங்க" என்றார் தண்டல். டாக்டருக்கு அது புரிந்தது. தமிழ் தீர்ந்துபோன வீடுகளிலும் அந்த ஒரு வழக்கம் தீர்ந்து போயிருக்கவில்லை. முத்திரைப் பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் உடைந்தவள் ஜுலைகா. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து பாக்கியத்தின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"கொடு புள்ள. நான் வச்சுக்கிடுதேன். நீ பேச்சிகிட்ட போ."

மனதாரத்தான் கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பாக்கியம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து நடக்கலாம், தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கலாம். கப்பலில் இருந்த எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க முறை முடிஞ்சுட்டு லாத்தா. உங்களுக்கு நான் கொடுக்க மாட்டேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? கப்பல் திரும்பிரும்டி!"

"திரும்பட்டும். யாரு முறையோ அவங்க கேட்கட்டும்."

நல்ல மனசு உள்ளவர்கள் முன்னால் வந்து சுமையை எடுத்துக்கொள்ளும்போதெல்லாம், எடுக்க வேண்டியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையேறிவிடுகிறார்கள் என்பது பாக்கியத்துக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. அவள் இரக்கத்தைக் கேட்கவில்லை. குழாயடியில் நிற்கிற எந்தப் பெண்ணும் கேட்பதைத்தான் கேட்டாள்.

ஜுலைகா எழுந்தாள். சமையலறைச் சுவருக்குப் போனாள். அரை வட்டமாக நின்ற டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை உரக்க வாசித்து, பழைய வரிசைப்படி நிறுத்தினாள். முன்னால் வந்து நின்ற டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு தளத்துக்கு வந்தாள்.

"சார், இது உங்களோடது."

கோமதிநாயகம் சார் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார், பிள்ளைகளைப் பற்றிப் பேசினார், முறை என்பது மனிதர்களுக்காகவா மனிதர்கள் முறைக்காகவா என்று கேட்டார். நன்றாகத்தான் பேசினார். "சீக்கிரம் சார், மேளக்காரங்க போயிருவாங்க" என்றான் செல்வின். "நீங்க போட்ட சட்டம்தானே சார்" என்றான் ஏரல் அண்ணன். நேற்று வரை அவர் பேச்சுக்குத் தலையாட்டியவர்கள், தாயத்தில் அவருக்காக ஆட்டத்தை விட்டுக் கொடுத்தவர்கள், அத்தனை பேரும் ஒரு அடி விலகி நின்றுகொள்ள, நடுவே அவர் தனியாக நின்றார். ஏழு பேரின் சிநேகம் கரைக்கு இருபதடியில் அப்படிக் கலைந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சார் கத்தினார். "அவகிட்ட வாங்கினா வாயெல்லாம் கருவாடுய்யா! ரெண்டு தடவை பொறுத்தேன். ஊருக்குத் திரும்புற வரைக்கும் அந்த நாத்தத்த நாக்குல வச்சுக்கிட்டு நான் எப்படி..."

முடிக்கவில்லை. தளத்தில் கிடந்த வெங்காயச் சருகை ஆசாரி காலால் தள்ளினார். வடிவுதான் பேசினாள்.

"அது நாத்தம் இல்ல சார். அது அவ வீட்டுச் சோறு."

டாக்டர் பெட்டியிலிருந்து எழுந்தார். கப்பல் திரும்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டது என்று தண்டலுக்குக் கையைக் காட்டினார். கரையில் மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட ஆரம்பித்தார்கள். கோமதிநாயகம் சார் அதைப் பார்த்தார், தன்னைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார், ஒன்றிலும் தனக்கு இடமில்லை என்று தெரிந்துகொண்டு, வேட்டியை மடித்துப் பாக்கியத்துக்கு எதிரே கீழே உட்கார்ந்தார். முதல் தடவை கேட்டார், அது மனதிலிருந்து வரவில்லை, மயக்கம் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்பது போல, சின்னக் குரலில் கேட்டார்.

"கொடும்மா. நான் வச்சுக்கிடுதேன்."

"இந்தாங்க சார்" என்றாள் பாக்கியம்.

வாளி கை மாறியது. சார் குனிந்தார். பாக்கியம் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, அவிழ்ந்த தலையை முடிந்தாள். டாக்டர் நாடியைப் பார்த்து முத்திரை குத்தி, "நலம். இறங்குக" என்றார். சாரின் சீட்டில் இருந்த முத்திரைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

ஆறு பேரும் இப்போது சாரிடம் விடைபெற்றார்கள். தங்குகிறவர் அவர்தானே. அவரும் வாளிக்கும் வார்த்தைக்கும் நடுவே, "வாங்க, வாங்க, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். பலகை அதிர அதிர இறங்கினார்கள். மேளம் மறுபடி உறையிலிருந்து வெளியே வந்தது. ஜுலைகா பாக்கியத்தின் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையின் பாதியில் நின்றாள்.

கடைசியாகப் பாக்கியம், அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவர் தலையை நிமிர்த்தினார். அவள் கேட்காமலே, அவராகவே சொன்னார்.

"எம்மேல வருத்தம் ஒண்ணும் இல்லையேம்மா? எல்லாரும் ஒரு கப்பல்ல வந்தவங்க. போயிட்டு வாம்மா."

பாக்கியம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவள் அதுவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த பதில் அப்போதுதான் வந்தது.

"போறேன், சார்."